கயத்தாற்றுக் கரிசலில் கண்ட காணிக்கை

மாசி மாதத்து வெயிலில், கோவில்பட்டியிலிருந்து தெற்கே திருநெல்வேலிச் சாலையில் செல்வோருக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெரிவது கரிய மண்ணே. கயத்தாற்றை அடுத்த ஒரு பங்கிலே தவக்காலத் தியானம் நடத்தித் தருமாறு சகோதரக் குரு ஒருவர் அழைத்திருந்தார். அவ்வழைப்பை ஏற்று நாம் பேருந்தில் புறப்பட்டோம். நாலாட்டின்புத்தூர் கடந்தது. கரிசல் மக்களின் வாழ்வைக் கதைகளாக வடித்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைச்செவல் கடந்தது. சாலையின் இருமருங்கிலும் பருத்தி வெடித்து வெள்ளையாய்ச் சிரித்தது. களங்களில் மிளகாய்ப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. உளுந்தும் பாசியும் முன்னரே வீடு சேர்ந்துவிட்டன. இடையிடையே சீமைக்கருவேலங்காடு, அதற்கு மேலே வானளாவி நிற்கும் காற்றாலைகள்.

அழைத்த நண்பர் தம் கடிதத்தின் முடிவில் ஒரு வேண்டுகோளையும் சேர்த்திருந்தார். "மூன்று நாள்களில் ஒருநாள் காணிக்கையைப் பற்றிப் பேசுங்கள். ஆலயக் கூரை ஒழுகுகிறது. நான் கேட்டால் மக்கள் முகம் சுளிக்கிறார்கள். வெளியிலிருந்து வருபவர் சொன்னால் கேட்பார்கள்" என்று எழுதியிருந்தார். உண்மையைச் சொல்வதானால், அந்த வரிகள் நமக்கு மகிழ்ச்சி தரவில்லை. குருக்களாகிய நமக்குப் பேசுவதற்குக் கடினமான பொருள் பணம். மேலும், அதைப்பற்றிப் பேச நமக்குத் தகுதி உண்டா என்று ஐயுறச் செய்யும் பழைய நினைவு ஒன்றும் நெஞ்சில் இருந்தது. அதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

புளியமரத்தடியில்

கயத்தாற்றில் இறங்கியதும் நண்பர் நம்மைக் கட்டபொம்மன் நினைவிடத்துக்கு அழைத்துச் சென்றார். 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், வீரபாண்டிய கட்டபொம்மனை ஆங்கிலேயர் இவ்வூரிலே ஒரு புளியமரத்தில் தூக்கிலிட்டனர். நினைவுச் சின்னம் எதுவும் எழுப்பப்படாத அந்நாள்களில், இவ்வழியே சென்றவர்கள் ஆளுக்கொரு கல்லை அவ்விடத்தில் போட்டு வணங்கிச் செல்வார்களாம். அது நாளடைவில் ஒரு குவியலாயிற்று என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிற்காலத்தில், கட்டபொம்மனாகத் திரையில் நடித்த சிவாஜி கணேசன் இங்கே தம் பணத்தில் நிலம் வாங்கி, 1970ஆம் ஆண்டில் சிலை எழுப்பச் செய்தார். எந்தப் பெயரால் தமக்குப் புகழும் பொருளும் வந்தனவோ, அந்தப் பெயருக்கே அவற்றில் ஒரு பங்கைத் திருப்பித் தந்தார்.

வழிப்போக்கர் இட்ட கல்லும், புகழ்பெற்ற நடிகர் எழுப்பிய சிலையும் ஒரே இடத்தின் வரலாற்றில் சேர்ந்து நிற்கின்றன. சிலைக்குக் கீழே பெயர் உண்டு. கல்லுக்குப் பெயர் இல்லை. ஆயினும் நூறாண்டுக்கு மேலாக அந்த இடத்தை மக்கள் மறவாதிருக்கச் செய்தவை பெயரற்ற அந்தக் கற்களே அன்றோ?

விதைக்கென்று எடுத்த பங்கு

இந்த மண் வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் விதைத்துவிட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருப்பது இதன் வழக்கம். மழை பொய்த்தால் கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துவிடும். இத்தகைய ஊரில் மக்கள் எப்படிப் பிறருக்குக் கொடுப்பார்கள் என்று கேட்கத் தோன்றும். உண்மை நேர்மாறானது.

நம் தந்தையர் காலத்துக் கரிசல் விவசாயி, களத்திலிருந்து தானியத்தை வீட்டுக்குக் கொண்டு செல்லுமுன் செய்த காரியங்களை எண்ணிப் பாருங்கள். ஏர் செய்த தச்சருக்கும், கொழு அடித்த கொல்லருக்கும், துணி வெளுத்தவருக்கும், முடி திருத்தியவருக்கும் களத்திலேயே அளந்து கொடுத்தார். அதற்குச் 'சுதந்திரம்' என்று பெயர். அது பிச்சையன்று, உரிமை. கோயிலுக்கு ஒரு பங்கு அளந்தார். களம் தேடி வந்த இரவலருக்கும் ஒரு கை அள்ளிப் போட்டார். சிந்திய கதிர் பொறுக்குவோரை விரட்டவில்லை. எஞ்சியது வீட்டுக்கு வந்ததும், உண்பதற்கு முன்னே விதைக்கென ஒரு பங்கை எடுத்துச் சாம்பலும் வேப்பிலையும் கலந்து பானையில் இட்டு, வாயைச் சாணத்தால் மெழுகினார். வீட்டில் உலை வைக்க ஒன்றுமில்லாத நாளிலும் அந்தப் பானை திறக்கப்படுவதில்லை. அதைத் திறந்து உண்டால் அடுத்த ஆண்டு நிலத்துக்கு ஒன்றுமில்லை என்பதை அவர் அறிவார்.

இன்று விதை கடையிலிருந்து வருகிறது. களத்துச் சுதந்திரமும் பெரும்பாலும் மறைந்தது. அந்த முறையில் சாதியின் கொடுமை கலந்திருந்ததையும் நாம் மறப்பதற்கில்லை. எனினும் அதனுள் இருந்த ஒரு ஞானம் மறையக் கூடாது: கொடுக்க வேண்டியது முதலிலே எடுக்கப்பட்டது, மீதியிலிருந்து அன்று. நாமோ பெரும்பாலும் மாதச் செலவெல்லாம் போக, பையில் எஞ்சியிருக்கும் சில்லறையை ஞாயிறன்று தேடுகிறோம்.

ஒரு டப்பா அரிசி

இரண்டாம் நாள் மாலை, அப்பங்கைச் சேர்ந்த துணைக்கிராமம் ஒன்றுக்கு நோயாளிகளைச் சந்திக்கச் சென்றோம். இருபது, முப்பது வீடுகளே உள்ள சிற்றூர். ஒரு வீட்டில் எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர், பருத்தி எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். அடுப்பில் உலை கொதித்தது. அரிசியைக் களைந்து உலையில் இடுமுன், அதில் ஒரு பிடி எடுத்து, மூலையிலிருந்த பழைய பால்மாவு டப்பாவில் போட்டார்.

"என்ன பாட்டி அது?" என்று கேட்டோம்.

"கோயில் அரிசி சாமி. சனிக்கிழமை பிள்ளைக வந்து வாங்கிட்டுப் போகும்" என்றார். பின்பு சற்றே தயங்கி, "ரேசன் அரிசிதான் சாமி. சும்மா கிடைச்சதைக் கோயிலுக்குக் கொடுக்கிறது தப்பா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. நம்மிடம் உள்ளவற்றில் சும்மா கிடைக்காதது எது? உயிரும், மழையும், கல்வியும், குருத்துவமும் சும்மா கிடைத்தவையே. பஞ்ச காலத்தில் சரேபாத்தூர்க் கைம்பெண், பானையில் இருந்த ஒரு கைப்பிடி மாவில் எலியா இறைவாக்கினருக்கு முதலில் அப்பம் சுட்டுக் கொடுத்தாரே, அவரைக் கண்ணால் கண்டது போலிருந்தது. "தப்பில்லை பாட்டி. ஆண்டவருக்கு மிகவும் பிடித்த அரிசி அதுதான்" என்றோம்.

சிற்றாலயத்தின் முகப்பில் ஒரு கரும்பலகை இருந்தது. அவ்வாரம் சேர்ந்த அரிசி எவ்வளவு, விற்ற பணம் எவ்வளவு, எதற்குச் செலவாயிற்று, கையிருப்பு என்ன என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தது. இரு பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். பாளையங்கோட்டை மருத்துவமனைக்குச் சென்ற ஒருவருக்குப் பேருந்துக் கட்டணம். ஆலயத்துக்கு விளக்குச் செலவு. யார் எவ்வளவு கொடுத்தார் என்பது மட்டும் அதில் இல்லை. மூதாட்டி சொன்னார்: "எனக்கு வாசிக்கத் தெரியாது சாமி. பேரன் வாசிச்சுச் சொல்லுவான். நம்ம அரிசி எங்க போச்சுன்னு தெரிஞ்சிரும்."

பிடியரிசி நம் நாட்டுக்குப் புதிதன்று. இக்கரிசல் வட்டாரத்தின் வடபகுதியாகிய விருதுநகரில், 1889ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் எடுத்து வைத்த பிடியரிசியாலும், வணிகர்கள் தந்த மகமையாலும் வளர்ந்தது. அங்கே பயின்ற சிறுவருள் ஒருவரே பின்னாளில் முதலமைச்சரான காமராசர். அவர் 1956ஆம் ஆண்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கான மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்ததும் கோவில்பட்டிக்குக் கிழக்கேயுள்ள எட்டயபுரத்திலேதான். அத்திட்டத்துக்கு அந்நாளில் ஊர் மக்களின் நன்கொடையும் துணை நின்றது. மலைநாடாகிய மிசோரமில், பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, அதை விற்ற பணத்தால் நற்செய்திப் பணியாளர்களைத் தாங்கி வருகின்றனர். ஏழைகளிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்பவர்கள் இவற்றை அறியாதவர்கள்.

நாம் செய்த பிழை

அன்றிரவு உணவுக்குப்பின் நண்பரும் நாமும் குருமனை முற்றத்தில் அமர்ந்திருந்தோம். "துணைக்கிராமத்து மக்கள் கொடுக்கிறார்கள். வசதியுள்ள தலைமை ஊரார் கொடுப்பதில்லை. ஏன்?" என்று அவர் கேட்டார். விடை சொல்லுமுன், நெஞ்சில் உறுத்திய அந்தப் பழைய நிகழ்ச்சியை அவரிடம் சொன்னோம். வாசகர்களுக்கும் இங்கே சொல்லுகிறோம்.

குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில், வேறொரு கிராமப் பங்கிலே நாம் பணியாற்றினோம். ஆலய வேலைக்காகத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊரார் வரி விதித்திருந்தார்கள். கூலி வேலை செய்யும் ஒருவர் தம் மகளின் திருமணத்துக்கு ஓலை வாசிக்கக் கேட்டு வந்தார். அவருக்கு மூன்றாண்டு வரி பாக்கி இருந்தது. "பாக்கியைக் கட்டிய பின்தான் ஓலை" என்று ஊர்ப் பொறுப்பாளர்கள் கண்டிப்பாகக் கூறினர். நாம் வாய் திறவாது இருந்துவிட்டோம். ஆலயம் கட்டி முடியவேண்டும் என்ற ஆசை நமக்கும் இருந்தது. அவர் கலியாணச் செலவுக்கென்று வளர்த்த ஆடுகளை விற்று, பணத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஓலை வாசிக்கப்பட்டது, திருமணமும் நடந்தது. அதன்பின் அவர் ஆலயத்துக்குள் வரவில்லை. மனைவியையும் பிள்ளைகளையும் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, திருப்பலி முடியும்வரை வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருப்பார்.

மாற்றலாகிச் செல்லுமுன் அவரைத் தேடிச்சென்று மன்னிப்புக் கேட்டோம். "நீங்க என்ன செய்வீக சாமி, ஊர் முடிவு" என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை.

வறுமையின் காரணமாக ஏழைகள் திருவருட்சாதனங்களின் உதவியை இழந்துவிடாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று, 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 848ஆம் விதி தெளிவாகக் கூறுகிறது. குருமடத்தில் அதைப் படித்தவர்கள்தாம் நாம். படித்தது வாய்வரை வந்து நின்றுவிட்டது. அந்த ஆலயம் எழும்பியது. ஆனால் அதன் உயிருள்ள கல் ஒன்று வேப்பமரத்தடியில் கிடந்தது. வரியும் காணிக்கையும் ஒன்றல்ல என்று அன்று அறிந்தோம். வரி அச்சத்தால் வருவது. காணிக்கை அன்பினால் வருவது.

கை சுருங்கியது ஏன்?

நண்பரின் கேள்விக்கு இருவரும் சேர்ந்து விடை தேடினோம். இரண்டு காரணங்கள் புலப்பட்டன.

முதலாவது, நம் பங்குகளின் பழைய பழக்கம். நம் தந்தையர் காலத்தில் கோதுமையும் எண்ணெயும் பால்மாவும் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து குருமனை வாசலில் பங்கிடப்பட்டன. ஆலயங்களும் பள்ளிகளும் பலவிடங்களில் ஐரோப்பிய உபகாரிகளின் பணத்தால் எழுந்தன. பசித்தவர் உண்டனர், பிள்ளைகள் படித்தனர். அதற்கு நாம் என்றும் நன்றியுடையோம். ஆனால், கோயில் என்பது கொடுக்கிற இடம், நாம் வாங்குகிறவர்கள் என்ற எண்ணமும் அதனோடு வேரூன்றிவிட்டது. அந்நாடுகளில் ஆலயத்துக்கு வருவோர் இன்று குறைந்துள்ளனர். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டமும், 2020ஆம் ஆண்டில் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் அவ்வழியைக் குறுக்கியுள்ளன. நம் வீட்டுக் கூரையை நாமே வேய வேண்டிய காலம் இது.

இரண்டாவது காரணத்தைச் சொல்லச் சற்றுத் தயக்கமாயிருந்தது. "கடைசியாக ஆலயக் கணக்கை எப்போது வாசித்தீர்கள்?" என்று கேட்டோம். நண்பர் நெடுநேரம் பேசவில்லை. "நான் வந்தபின் வாசிக்கவில்லை. எனக்கு முன்னும் வாசித்ததாகத் தெரியவில்லை. கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது" என்றார். "சரியாயிருப்பது உங்களுக்குத் தெரியும், மக்களுக்குத் தெரியுமா?" என்றோம்.

எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகப் புனித பவுல் கொரிந்து நகரத்தாரிடம் நன்கொடை கேட்ட வரலாற்றை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். மக்கெதோனியர் வறுமையிலும் வாரிக் கொடுத்ததை எடுத்துக் காட்டுகிறோம். ஆனால் அதே திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில், அந்தப் பணத்தைப் பற்றி எவரும் குறைகூற இடமிருக்கலாகாது என்று, தீத்துவோடு சபைகளின் நன்மதிப்பைப் பெற்ற வேறு சகோதரர்களையும் அவர் அனுப்பியதை விட்டுவிடுகிறோம். திருத்தூதரே தம் கையில் பணத்தைத் தனியாக வைத்துக்கொள்ள விரும்பவில்லையாயின், நாம் எம்மாத்திரம்? சட்டத் தொகுப்பும் இதையே கற்பிக்கிறது. மக்கள் திருச்சபையின் தேவைகளுக்கு உதவக் கடமைப்பட்டவர்கள் என்று 222ஆம் விதி கூறுகிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது 537ஆம் விதி. ஒரு நோக்கத்துக்கெனக் கொடுத்ததை அந்நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்பது 1267ஆம் விதி. மக்கள் கொடுத்தவற்றுக்கு மக்களிடம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது 1287ஆம் விதி. முதல் விதியை மட்டும் நினைவூட்டி, மற்றவற்றைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் எப்படி?

சமவெளிப் பங்கு ஒன்று

அமெரிக்காவில் கோதுமை விளையும் சமவெளியாகிய கான்சஸ் மாநிலத்தில் விச்சிட்டா என்னும் மறைமாவட்டம் உண்டு. அங்கே 1968ஆம் ஆண்டு முதல் புனித அசிசி பிரான்சிஸ் பங்கை நடத்திய அயர்லாந்து நாட்டவரான தாமஸ் மெக்ரீட் என்னும் குரு, மக்களிடம் பணத்தை மட்டும் கேட்கவில்லை. நேரம், திறமை, பொருள் ஆகிய மூன்றும் இறைவன் கொடுத்தவை. மூன்றிலும் ஒரு பங்கை நன்றியோடு முதலில் எடுத்து வையுங்கள் என்றார். 1985ஆம் ஆண்டில் மறைமாவட்டம் முழுவதுமே இவ்வழியை மேற்கொண்டது. தம் கடமையைச் செய்யும் பங்குக் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே கத்தோலிக்கப் பள்ளிகளில் கட்டணமின்றிப் படிக்கின்றனர். பள்ளியைத் தாங்குவது பங்கு முழுவதன் காணிக்கை. அமெரிக்க ஆயர்களும் 1992ஆம் ஆண்டில் இப்பொருள் பற்றி ஒரு மேய்ப்புப்பணி மடலை வெளியிட்டார்கள்.

அவர்களின் செல்வம் நமக்கு இல்லை என்பீர்கள். உண்மை. ஆனால் அந்த மூன்றில் இரண்டு நம்மிடம் ஏராளமாக உண்டு. கொத்தனாரின் ஒரு நாள் உழைப்பு, ஆசிரியையின் ஒரு மாலை நேரம், மின்வேலை அறிந்த இளைஞரின் கைத்திறன், முதியவர் ஒருவரின் செபம் ஆகிய இவை யாவும் காணிக்கையே. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று நம் பயிரை வாட்டுகிறது என்று முன்னோர் நொந்துகொண்டனர். இன்று அதே காற்றில் மின்சாரம் எடுக்கிறார்கள். காற்றாலைகளைச் சோதிக்கும் மத்திய அரசின் நிலையமே கயத்தாற்றில் இருக்கிறது. நம்மிடம் ஒன்றுமில்லை என்று நாம் எண்ணியிருந்த இடத்தில் இறைவன் என்ன வைத்திருக்கிறார் என்பதை யார் அறிவார்?

மூன்றாம் நாள்

மூன்றாம் நாள் மாலைத் தியானத்தில் நாம் நெடுநேரம் பேசவில்லை. ஆடு விற்றவரைப் பற்றிச் சொன்னோம். மூதாட்டியின் டப்பாவைப் பற்றிச் சொன்னோம். பின்பு நண்பர் எழுந்து நின்றார். கையில் பேரேடு இருந்தது. தாம் பொறுப்பேற்ற நாள்முதல் வந்ததையும் சென்றதையும் வாசித்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒருவரும் எழுந்து போகவில்லை. முடித்தபின், "இதை முன்பே செய்திருக்க வேண்டும். என்னை மன்னியுங்கள்" என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "கூரைக்கு எவ்வளவு ஆகும் சாமி?" என்று கேட்டார். ஆண்டுக்கணக்காக அவ்வூரில் எவரும் கேளாத கேள்வி அது என்று நண்பர் பின்னர் நம்மிடம் சொன்னார்.

மறுநாள் திரும்புகையில் காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதாவின் திருத்தலத்துக்குச் சென்றோம். வீரமாமுனிவரும் தம் பணியின் தொடக்க காலத்தில் உழைத்த பழம்பெரும் தளம் அது. ஆகஸ்ட் 15ஆம் நாள் தேருக்குப் பின்னால் தரையில் உருண்டு கும்பிடு சேவை செய்வோர் கூட்டத்தை அங்கே காணலாம். உடலையே மண்ணில் கிடத்திக் காணிக்கையாக்கும் இம்மக்களைக் கொடுக்கத் தெரியாதவர்கள் என்று யார் சொல்ல முடியும்? அவர்களுக்குக் கொடுக்கக் கற்பிக்க வேண்டியதில்லை. கொடுத்தது எங்கே சென்றது என்று நாம் சொல்லக் கற்றால் போதும்.

அண்மையில் நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. கூரை வேலை பாதிவரை வந்திருக்கிறது. பணம் இன்னும் வேண்டும். இரண்டு கொத்தனார்கள் ஞாயிறு பிற்பகல்களில் கூலியின்றி வேலை செய்கிறார்கள். ஆலய வாசலில் ஒரு கரும்பலகை வைத்தாயிற்று என்று எழுதியிருந்தார்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, இத்தவக்காலத்தில் உங்கள் வீட்டிலும் ஒரு டப்பா வைத்துப் பாருங்கள். அரிசியாயினும் நாணயமாயினும், உலை வைக்குமுன் எடுத்துப் போடுங்கள். பிள்ளைகளின் கையால் போடச் செய்யுங்கள். உங்கள் பங்கில் கணக்கு வாசிக்கப்படவில்லையெனில் பணிவோடு கேளுங்கள். கேட்பது குற்றமன்று. சகோதரக் குருக்களே, மக்கள் கேட்குமுன் நாமே வாசிப்போம். வேப்பமரத்தடியில் எவரேனும் நின்றுகொண்டிருந்தால், காணிக்கைத் தட்டை எடுக்குமுன் வெளியே சென்று அவரை உள்ளே அழைத்து வருவோம்.